பத்து எம்பிக்குள்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்த நேரத்தில்
தையல்நாயகி கடைக்குள் வந்தார்.
காலில் இன்னும் வயல்.
பாலித்தீன் பையைப் பிரித்து, அதற்குள் இன்னொரு பையைப் பிரித்து
போனை எடுத்து மேசையில் வைத்தார்,
முட்டையை வைப்பதுபோல.

நான்கு நிமிடம் பதினொரு நொடி.
நானூற்றுப் பன்னிரண்டு எம்பி.
மூழ்கிய சம்பா, ஒன்பது மா.
காப்பீட்டுத் தளத்தில் சிவப்பு எழுத்து:
இந்த வகைக் கோப்பு ஏற்கப்படாது.
பத்து எம்பிக்கு மேல் ஏற்கப்படாது.

"நெல்லுல ஈரம் பதினேழத் தாண்டுனா
எடுக்க மாட்டான், தெரியும்.
தண்ணிக்கும் அளவு வச்சிருக்கானா?"
நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
அவரே சிரித்துவிட்டார்.

போன வருஷம் வைத்திருந்தது வேறொரு மென்பொருள்.
இலவசம் என்று பச்சைப் பொத்தான்.
மாற்றித்தான் தந்தது.
ஆனால் கொரடாச்சேரி ஜெயசீலன் வயலின் மேல்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை
தன் பெயரை வெள்ளையில் அடித்திருந்தது.
அதிகாரி போனில் கேட்டாராம்:
பட்டா யார் பேர்லய்யா இருக்கு?

அதற்குப் பிறகுதான் இது.
அழகில்லாத சாம்பல் சன்னல்.
காசு கேட்காது, மின்னஞ்சல் கேட்காது,
முப்பதாம் நாள் முகம் மாறாது.
"யாரோடது இது?"
யாரோடதும் இல்லம்மா, நிறைய பேர் எழுதுனது.
பெயர்கள் ஒரு பக்கத்தில் இருக்கின்றன,
பாதியை என்னால் வாசிக்க முடியவில்லை.
கட்டற்ற மென்பொருள்னு சொல்வாங்க.
"கட்டில்லாததுன்னா
எனக்கு வெண்ணாறுதான் தெரியும்."

பெட்டி வேறு, உள்ளே மடித்திருக்கும் விதம் வேறு.
பெட்டியை மட்டும் மாற்றுவதென்றால் நொடி வேலை.
இது பிரித்து, மறுபடி மடிக்க வேண்டியது.
மடிப்பதற்கு முன் அது கேட்கும்
எதையெல்லாம் விடலாம் என்று.

அகலத்தைப் பாதியாக்கினேன்.
நொடிக்கு முப்பது படம் என்பதைப் பன்னிரண்டாக்கினேன்.
மழை திக்கித் திக்கிப் பெய்தது.
ஒரு நாரை பறக்காமலே இடம் மாறியது.
தண்ணீர் சின்னச் சின்னக் கட்டமாய் உடைந்து
யாரோ பாத்தி கட்டியதுபோல் நின்றது.
பதின்மூன்று புள்ளி ஆறு.

ஒலியை நீக்கலாம். ஒரு டிக் போதும்.
ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.
காற்று. தவளை. அவர் மூச்சு.
"இது வடக்கால வரப்பு. இருந்துச்சு.
அது மோட்டார் கொட்டா.
இது நம்மளுது, அது தியாகு வீட்டுது,
இப்ப ரெண்டும் ஒண்ணுதான்."
பிறகு படத்தில் வானமும் அவர் கட்டைவிரலும் மட்டும்.
பின்னால் ஓர் ஆண் குரல் உடைகிறது.
"அழுவாதீங்க, போன்ல விழுந்துடும்."

ஹெட்போனைக் கழற்றினேன்.
அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பேச்சு போனா போவட்டும் பாப்பா,
தண்ணி இருந்தா போதும்."

கை வரவில்லை என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
நான் டிக் செய்தேன்.

தொண்ணூற்று மூன்றில் மின்சாரம் போனது.
யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
இருவரும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
நகரும்போது தெரியவில்லை,
நகர்ந்தபின்தான் தெரிந்தது,
மதகில் நீர் ஏறுவதுபோல.

ஒன்பது புள்ளி ஏழு.
தளம் வாங்கிக்கொண்டது.
ஓர் எண் வந்தது, தாளில் எடுத்துக் கொடுத்தேன்.
பதிவேற்ற இருபது ரூபாய்.
மாற்றியதற்கு ஒன்றுமில்லை,
என்னிடமும் யாரும் வாங்கவில்லை.

"பாப்பாங்களா?"
போய்ச் சேந்துருச்சும்மா.
என் கடை அதுவரைக்கும்தான்.

தாளை மடித்து
முதல் பைக்குள், பிறகு இரண்டாவது பைக்குள் வைத்தார்.
கேட் திறந்தது. மன்னார்குடி பஸ் ஹாரனை விடவே இல்லை.

அடுத்து நின்றவர் போனை நீட்டினார்.
நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்திருக்கிறார்.
என் திரையில் இரண்டு பக்கமும் கறுப்பு,
நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்கு
அவருடைய தண்ணீர்.